கேமராவுக்கு வைத்த பொட்டு

1

எங்கள் வீட்டு முன்பக்க ஜன்னலில் ஒரு சின்ன கேமரா இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுதான். என் மகள் சுகந்தி தஞ்சாவூரில் இருந்துகொண்டு, லண்டனில் இருக்கிற எங்களை அதன் வழியாகப் பார்த்துக்கொள்கிறாள். மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவைக் கேமராவில் பார்ப்பதுதான் உலக வழக்கம். எங்கள் வீட்டில் அப்பா அம்மா வெளிநாட்டில், பிள்ளை ஊரில்.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று அந்தக் கேமராவால் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சொல்வது நான், எழுதுவது என் மனைவி மங்கை. அவள் எட்டாவது வரை படித்தவள். "நேரா விஷயத்துக்கு வாங்க, கை வலிக்குது" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். போகிற வழியில் நாலு இடத்தில் நின்று, ஆளை ஏற்றி இறக்கிப் போவதுதான் என் பழக்கம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸும் அப்படித்தான் போகும்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பம். ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம் சாப்பாடு, வராத வருஷம் யோசனை. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் எல்லாமே மளமளவென்று மாறியது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்தது. ஓட்டு வீட்டு மேலெல்லாம் கேபிள் ஒயர் ஓடியது. டீக்கடையில் நெல் விலை பேசிய வாய்கள் மஸ்கட், துபாய், சிங்கப்பூர் என்று பேச ஆரம்பித்தன. வயலில் வேலை இல்லாத மாதங்களில் நான் கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டப் போனேன். மாவாட்டியவன் அடுப்படிக்கு வந்தேன். அடுப்படியிலிருந்து மஸ்கட்டில் ஒரு கம்பெனி கேம்ப். அங்கே சாப்பிட்டுப் பழகிய ஒருவர் லண்டனில் இட்லி தோசைக் கடை போட்டபோது என்னைக் கூப்பிட்டார். வந்துவிட்டேன். பிறகு மங்கையும் ஆறு வயது சுகந்தியும் வந்தார்கள்.

இந்த ஊர் அதிகாரிகளுக்கு என்னைப் பற்றி ஒரு சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. விசா நீட்டிக்கிறபோது விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ரேகை விழவில்லை. கதிர் அரிவாளிலும் தோசைக்கல்லிலும் தேய்ந்த விரல். அங்கிருந்த அம்மாள் என் கையை ஈரத் துணியால் துடைத்தாள், காய வைத்தாள், அழுத்திப் பிடித்தாள். "நீங்கள் யார் என்று மெஷினுக்குத் தெரியவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா" என்று தமிழில் சொன்னேன். பிறகு வேறு ஒரு நாள் வரச் சொன்னார்கள், அன்று எப்படியோ ரேகை விழுந்தது.

2

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. வாடகை வீடு. நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம். மாடியில் கானா நாட்டுப் பெண்மணி ஆபெனா. ஆஸ்பத்திரியில் வேலை, வாய் கொள்ளாத சிரிப்பு. எங்கள் முன் ஜன்னலில் நின்றால் எதிரே பஸ் நிறுத்தம். அதை ஒட்டி ஒரு துருக்கிக்காரரின் பழக்கடை. தெருக்கோடியில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். சுகந்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இந்த வீட்டில்தான் வளர்ந்தாள்.

வளர்கிறபோது எங்களோடு பஸ்ஸில் ஏறினால், "அப்பா, சத்தமா தமிழ்ல பேசாதீங்க" என்று காதோடு சொல்வாள். நாங்களும் குரலைத் தணித்துக்கொள்வோம். இந்தப் பிள்ளை நம் கையை விட்டுப் போய்விட்டது என்று மங்கை ராத்திரியில் புலம்பியதுண்டு. போனதென்னவோ உண்மைதான், போன திசைதான் நாங்கள் நினைத்ததில்லை. தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இங்கே மேல்படிப்புக்கு வந்தான். எங்கள் கடையில் தினமும் சாப்பிட்டான். என் சாம்பாரைப் பிடித்துப்போய் என் பெண்ணைக் கேட்டான் என்று நான் சொல்வேன். சாம்பாரைச் சகித்துக்கொண்டு கேட்டான் என்று மங்கை சொல்வாள். படிப்பு முடிந்ததும் அவனுக்குத் தஞ்சாவூரிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அங்கே அவன் அம்மா தனியாக இருக்கிறார்கள். இவளும் கிளம்பிவிட்டாள். மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள், ஸ்கூட்டியில் போய் வருகிறாள், கையில் ஒரு பெண் குழந்தை. கீரைக்காரம்மா இவளைப் பார்த்தாலே, "வந்துட்டா பாரு எங்க வெள்ளக்காரி" என்பாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் சுகந்தி.

போன குளிர்காலத்தில் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் நான் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது. சுகந்தியிடம் சொல்லவில்லை. ஆபெனா சொல்லிவிட்டாள்.

"விழுந்தத ஏம்ப்பா சொல்லல?"

"விழுந்தேன், எழுந்துட்டேன். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"போதும்ப்பா. ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துடுங்க. மாடி ரூம் சும்மாதான கெடக்கு."

"பாக்கலாம்மா. குளிர் போவட்டும்."

குளிர் போனது. "வெயில் காலம்மா, தஞ்சாவூர்ல இப்ப வந்தா தாங்காது" என்றேன். வெயில் போனது. "உங்கம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில நாள் குடுத்திருக்காங்க" என்றேன். ஒவ்வொரு காரணமும் உண்மைதான். ஆனால் எதுவும் காரணமில்லை. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, அதுதான் காரணம். குழாயைத் திருப்பினால் வெந்நீர். காலையில் ஒரு நடை, நூலகத்தில் கதகதப்பாக உட்கார்ந்து படம் பார்க்க நாலு புத்தகம், சந்தையில் வெண்டைக்காய் விலை கேட்டு வாங்காமல் வருவது. எங்கே போகிறாய், ஏன் வந்தாய், யார் வீட்டுப் பிள்ளை நீ என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊரில் என் அப்பா சில வாசல்களில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமென்று அளந்து வைத்திருந்தார். நான் இங்கே எல்லா வாசலிலும் மணியடித்துவிட்டு நேராக நிற்கிறேன். இதை வயசான காலத்தில் விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவது? ஆனால் பெற்ற பெண் அழைக்கும்போது, எனக்கு அங்கே வரப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "சரி, ஜன்னல்ல ஒரு கேமரா வைங்க. நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா, பேச்சே கெடையாது. டிக்கெட் போட்ருவேன்."

நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். "வெளிய பாத்துத்தான் வெப்பேன். உள்ள திருப்ப மாட்டேன். பனியனோட உக்காந்து சோறு திங்கிறத எல்லாம் தஞ்சாவூர்ல காட்ட முடியாது."

பெரிய சண்டை வருமென்று நினைத்தேன். "சரிப்பா, வெளியவே இருக்கட்டும்" என்று உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

3

எங்கள் ஊரில் ஒரு பொருளை ஜன்னலில் வைக்க வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம். கம்பியில் கட்டுவோம், இல்லாவிட்டால் சுவரில் ஓர் ஆணி அடிப்போம். எங்கள் மண்சுவர் வீட்டில் ஆளுக்கு ஓர் ஆணி இருந்தது. அப்பாவின் சட்டைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, உரக்கடைக் காலண்டருக்கு ஒன்று. இங்கே ஜன்னலில் கம்பி கிடையாது, வெறும் கண்ணாடி. ஆணியோ கூடவே கூடாது. வீட்டு ஒப்பந்தத்திலேயே அடிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, கறை படக் கூடாது என்று போட்டிருப்பதாகச் சுகந்தி சின்ன வயதிலேயே படித்துச் சொல்லியிருக்கிறாள். வீட்டு ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு பையன் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பான். நாங்கள் குடியிருக்கிற இத்தனை காலத்தில் ஒரு காலண்டர்கூட மாட்டியதில்லை. பெருமாள், பிள்ளையார் எல்லாம் அலமாரியில் சாய்ந்துதான் நிற்கிறார்கள்.

முதலில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற பட்டையை வாங்கி வந்து ஜன்னல் சட்டத்தில் ஒட்டினேன். நன்றாக நின்றது. நகர்த்தலாமென்று இழுத்தேன், கூடவே பெயிண்டும் நகம் அளவுக்கு வந்துவிட்டது. அன்று மங்கை என்னைப் பேசிய பேச்சை அவள் எழுத மாட்டேன் என்கிறாள். ஒரு சின்ன டப்பா வெள்ளை பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்து அதைச் சரிசெய்தாள்.

அடுத்து என் யோசனை. சினிமா போஸ்டர் ஒட்டுகிற மாதிரி மைதாப் பசை. ஒரு கரண்டி மைதாவை வெந்நீரில் களி மாதிரி காய்ச்சிக் கண்ணாடியிலேயே ஒட்டினேன். ஈரத் துணியால் துடைத்தால் அடையாளமே இருக்காது, பாருங்கள். சமையல்காரன் மூளை. சாயங்காலம் ஹீட்டர் போட்டதும் கண்ணாடி வியர்த்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேமரா வழுக்கி, மங்கை உயிராக வளர்க்கிற கறிவேப்பிலைத் தொட்டியில் விழுந்தது. உடனே போன்.

"அப்பா, என்னப்பா எல்லாம் பச்சையா இருக்கு?"

"கறிவேப்பில."

"கேமராவ ஏன் கறிவேப்பிலைல வெச்சீங்க?"

"நான் எங்க வெச்சேன், அதுவா போயி உக்காந்துருச்சு."

பிறகு உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணம் வாங்கினோம். அது ராத்திரிக் குளிரில் விறைத்துத் தானாகக் கழன்றது. கடைசியில் ஆபெனாதான் ஒரு திரைக் கம்பி கொடுத்தாள். உள்ளே ஸ்பிரிங் உள்ள கம்பி. ஜன்னல் குழிவுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் அழுத்தி விட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். இரண்டு முனையிலும் கறுப்பு ரப்பர், அது சுவரில் தடம் போடுமே என்று என் பழைய பனியனைக் கிழித்து அடியில் வைத்தேன். அந்தக் கம்பியில் ஒரு கிளிப், கிளிப்பில் கேமரா. கண்ணாடியோடு மூக்கை ஒட்ட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருக்கிற விளக்குதான் கண்ணாடியில் தெரியும். சுகந்தி தஞ்சாவூரிலிருந்து போனில், "லெஃப்ட்ல, கொஞ்சம் லெஃப்ட்ல, அய்யோ உங்க லெஃப்ட் இல்லப்பா, கேமராவோட லெஃப்ட்" என்று ஓட்டினாள். பஸ் நிறுத்தமும் பள்ளிக்கூடத்துக் கேட்டும் தெரிகிற வரைக்கும் விடவில்லை. வாசற்படி பாதிதான் தெரிகிறதே என்றேன். "பரவால்லப்பா, அது போதும்" என்றாள்.

ஆபெனாவிடம் நன்றி சொல்லப் போய் என் இங்கிலீஷ் என்னைக் கவிழ்த்துவிட்டது. "என் மகள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள், நாள் முழுக்கப் பார்க்கிறாள்" என்று சொன்னேன். அவள் பதறி மாடியிலிருந்து இறங்கி வந்து ஜன்னலைப் பார்த்தாள்.

4

அதற்குப் பிறகு தினமும் வெளியே போகும்போது ஜன்னல் முன் நின்று ஒரு கையாட்டல். வரும்போது ஒரு கையாட்டல். புது கோட்டு போட்ட அன்று ஒரு சுற்றுச் சுற்றிக்கூடக் காட்டினேன். சுகந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மற்றதெல்லாம் கேட்பாள். "பழக்கடைக்காரர் புது தார்ப்பாய் போட்டிருக்காரே, பழைய பச்சை என்னாச்சு?" என்பாள். "பஸ் ஸ்டாப்புல பெஞ்ச எடுத்துட்டாங்களா?" என்பாள். பெண்ணுக்கு என்ன உன்னிப்பு என்று நான் மெச்சிக்கொண்டேன்.

5

ஆயுத பூஜைக்கு வருகிறேன். "அப்பாடா" என்கிறாள் எழுதுகிறவள்.

எங்கள் ஊரில் அன்று மண்வெட்டி, அரிவாள், மரக்கால் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் படைப்போம். படைத்த பொருளை மறுநாள் பூஜை முடிகிற வரை தொடக் கூடாது. வருஷம் முழுக்க உழைக்கிற கருவிக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. ஒரு வருஷம் நிலத்துக்காரர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். சம்பா நாற்றங்கால் காய்கிறது, மோட்டாரைப் போட ஆள் இல்லை. என் அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கும் நாற்றங்காலுக்கும் நடந்தார். குடத்துக்கு யாரும் பொட்டு வைக்காததால் தப்பித்தோம்.

மங்கை அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். வீட்டில் உழைக்கிற எதையும் விட மாட்டாள். மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வெந்நீர் பாய்லர், டி.வி. ரிமோட், கதவுப் பூட்டு, என் முழங்கால் பட்டை எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் இரண்டு பேர் போனையும் சத்தத்தை அடைத்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். கேமரா புதுசு, அதற்கு முதல் பூஜை. கிளிப்பிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்து, சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். நான் பொங்கலில் முந்திரி போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

படையல் போட்டுக் கும்பிட்டு, சாப்பிட்டு, கண்ணயரலாம் என்று பார்க்கும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் ஏஜெண்ட் ஆபீஸ் பையன். கழுத்தில் டை, கையில் எங்கள் வீட்டு இன்னொரு சாவி, மூச்சு வாங்குகிறது. எங்களைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அவன் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்களா?"

"இருக்கோம். என்ன ஆச்சு?"

"உங்கள் மகள் இந்தியாவிலிருந்து மாடி வீட்டம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். அந்தம்மா வேலையில் இருக்கிறார், எங்கள் ஆபீஸுக்குச் சொன்னார். நீங்கள் விழுந்து கிடக்கிறீர்கள் என்று..."

சொல்லிக்கொண்டே அவன் கண் வீட்டைச் சுற்றியது. ஃபிரிட்ஜில் சிவப்புப் பொட்டு. பாய்லரில் சிவப்புப் பொட்டு. வெள்ளைக் கதவின் பூட்டில் சந்தனம் வழிந்து சிவப்புப் பொட்டு. அவன் முகம் மாறியது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வந்த இங்கிலீஷ் இவ்வளவுதான்: "டுடே, ஆல் மெஷின், பர்த்டே."

அவன் பாய்லர் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"தம்பி, தொடாதீங்க!" என்று மங்கை தமிழிலேயே அதட்டினாள். "நாளைக்கி நானே தொடச்சிருவேன். நீங்க உக்காருங்க." கையில் ஒரு தட்டுச் சுண்டலைக் கொடுத்தாள். பையன் உட்கார்ந்துவிட்டான். எந்த நாட்டிலும் மங்கையின் அதட்டலுக்கு மொழி தேவைப்பட்டதில்லை.

என் கவலை வேறு. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா டிக்கெட் போட்ருவேன் என்று சுகந்தி சொன்னது. அலமாரியில் என் போன் சத்தமில்லாமல் வெளிச்சம் காட்டிக்கொண்டே இருந்தது. எடுக்கப் போனேன்.

"படைச்சத எடுக்கக் கூடாது" என்றாள் மங்கை.

"பொண்ணு அங்க துடிச்சிக்கிட்டிருக்கும்டி."

"அதுக்கு? அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு இருக்குல்ல, அதுல பேசுங்க. அவுரு போனுக்கு நான் பொட்டு வெக்கல."

பையன் தன் போனைக் கொடுத்தான். சுகந்தி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்பா! என்னாச்சு? அம்மா எங்க?"

"இங்கதான். நல்லாருக்கோம்மா. சுண்டல் தின்னுக்கிட்டிருக்கோம்."

"அய்யோ... கேமரா ஆடுச்சு, வீடு கிறுகிறுன்னு சுத்துச்சு, ஏதோ கை வந்துச்சு, அப்புறம் ஒரே இருட்டு. ரெண்டு பேரும் போன எடுக்கல. நான் என்னன்னு நினைக்கிறது?" சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

பின்னாலிருந்து இன்னொரு குரல். சம்பந்தியம்மா, சுகந்தியின் மாமியார். "நான் அப்பவே சொன்னேன்ல? இருட்டு ஓரத்துல மஞ்சளா தெரிஞ்சுது பாரு, அது சந்தனம்டி, உங்கம்மா பொட்டு வெச்சிருக்காங்கன்னு. கேட்டாத்தான. நம்ம வீட்டுலயும் இன்னிக்குப் பூஜதான, ஸ்கூட்டிக்கு நீதான வெச்ச?"

"ஸ்கூட்டிக்கு வெப்பாங்க அத்தை, கேமரா கண்ணுலயா வெப்பாங்க?"

மங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்? ஒரே ஒரு வட்டந்தான் இருந்துச்சு. வெச்சேன்."

தஞ்சாவூரில் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளைகூட. சுகந்தியும் அழுகையோடு சிரித்தாள். ஆபத்து கடந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது அவள் சொன்னாள்:

"சரிம்மா, இப்ப அத தொடச்சிருங்க."

"நாளைக்கித்தான்."

"அம்மா, ப்ளீஸ்ம்மா. இப்பவே தொடைங்க. ஸ்கூல் விடற நேரம் ஆயிடுச்சு."

"எந்த ஸ்கூலு?"

சம்பந்தியம்மாதான் பேசினார்கள். "சம்பந்தி, நான் சொல்லலாமான்னு தெரியல. இவ தெனமும் இந்த நேரம் போனும் கையுமா மொட்ட மாடிக்குப் போயிடறா. அப்பா அம்மா நல்லாருக்காங்களான்னு பாக்குறா போலன்னு நாங்களும் கூப்புடறதில்ல. ஒரு நாளு பின்னாடியே போயி எட்டிப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் அதுல இல்லவே இல்ல. யாரோ சின்னப் புள்ளைங்க பையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போவுது, செவப்பு பஸ்ஸு வருது. அத உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா. கண்ணெல்லாம் தண்ணி."

"அத்தை..." என்றாள் சுகந்தி.

"சொல்லட்டும்டி, பெத்தவங்கதான."

ஏஜெண்ட் பையன் சுண்டல் தட்டோடு எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. வெளியே பார்த்து வைக்கிறேன் என்றதும் ஏன் மறுபேச்சு பேசவில்லை, வாசற்படி பாதி தெரிந்தால் போதும் என்று ஏன் சொன்னாள், என் கோட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை, எல்லாம் அந்த நிமிஷத்தில் விளங்கியது. புலம்பெயர்ந்தவன் நான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஊர் இதுதான். அவள்தான் வெளியூருக்கு வாழப் போனவள்.

மங்கை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். போனவள் நின்று, திரும்பிப் பார்த்தாள். படைத்ததைத் தொட வேண்டுமே.

"பரவால்ல சம்பந்தி," என்றார்கள் சம்பந்தியம்மா போனில், இவள் நிற்பதைப் பார்த்ததுபோல. "பொட்ட அழிக்க வேணாம். கொஞ்சம் மேல தள்ளி வெச்சிருங்க, சாமி ஒண்ணும் சொல்லாது."

மங்கை ஈரத் துணியால் கண்ணை மட்டும் துடைத்து, கேமராவின் தலையில் புதுப் பொட்டு வைத்தாள். "தெரியுதாடி?"

"இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருக்கும்மா... ஆங். தெரியுது."

வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சல் தெருவில் வந்தது. அது எங்களுக்கு ஜன்னல் வழியாகவும் கேட்டது, அந்தப் பையனின் போன் வழியாகத் தஞ்சாவூருக்கும் போயிருக்கும்.

6

மறுநாள் காலை பூஜை முடிந்து போன் கைக்கு வந்ததும் நானே கூப்பிட்டேன். இவ்வளவு நாள் சொல்லாததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"சுகந்தி, நாங்க அங்க வரலம்மா. கண் ஆஸ்பத்திரி, குளிரு, வெயிலு எல்லாம் சும்மா. எனக்கு இங்க புடிச்சிருக்கு. அதான்."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுப்பா. ஒரே காரணத்த ரெண்டு தடவ சொல்லிருக்கீங்க."

"அப்புறம் ஏன் வா வான்னு கூப்பிட்ட?"

"நீங்க விழுந்தது பயம்தாம்ப்பா. அது பொய்யில்ல. ஆனா நேத்து அந்த இருட்டுல உக்காந்திருந்தப்பதான் தோணுச்சு. நீங்களும் வந்துட்டா அந்தத் தெருவுல எனக்கு யாரு இருக்கா? யார் வீட்டு ஜன்னல்ல கேமரா வெப்பேன்? பாப்பாவ கூட்டிக்கிட்டு எந்த வீட்டுக்கு வருவேன்?"

"அங்க உனக்கு ஏதும் கஷ்டமாம்மா?"

"இல்லப்பா. நல்லாருக்கேன். நீங்க அங்க எப்படியோ, அப்படித்தான் நான் இங்க. நீங்களும் நல்லாத்தான் இருக்கீங்க. ஆனாலும் ஊர்லருந்து யார் பேசினாலும் ஆத்துல தண்ணி வந்துச்சான்னு கேக்குறீங்கல்ல?"

கேட்கிறேன்தான். நிலமும் இல்லை, குத்தகையும் விட்டாயிற்று, தண்ணீர் வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன. ஆனாலும் கேட்கிறேன்.

"இருங்கப்பா அங்கயே," என்றாள். "ஆனா பனி பெய்ஞ்சா படியில உப்பு போடாம இறங்கக் கூடாது. விழுந்தா சொல்லணும். லீவுக்கு நாங்க வர்றோம்."

ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. மங்கை எல்லாப் பொட்டையும் துடைத்துவிட்டாள், பாய்லரில் மட்டும் லேசாக ஒரு மஞ்சள் நிழல் நிற்கிறது. அந்தப் பையன் போன வாரம் சுவர் பார்க்க வந்தான், பாய்லரைப் பார்த்தான், ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் சுண்டல் இருக்கிறதா என்று கேட்டான். அன்று இல்லை. வடை கொடுத்தாள்.

இப்போது எனக்குத் தினசரி வேலை ஒன்று கூடியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம். மழைத்துளி காய்ந்த புள்ளி, பஸ் கிளப்புகிற தூசி, எல்லாம் சேர்ந்து மங்கலாகிவிடும். பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, பழைய செய்தித்தாளோடு வெளியே போவேன். மூலை மூலையாக, மேலிருந்து கீழாகத் தேய்ப்பேன். நேற்று அப்படித்தான் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கறை போகவே இல்லை, முகத்தைக் கண்ணாடிக்கு நேரே வைத்து ஊதி ஊதித் தேய்த்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா, தொடச்சது போதும். கொஞ்சம் தள்ளுங்க, ஸ்கூல் விட்டுட்டாங்க."